துப்பாக்கிக்குச் சைலன்சர் கேட்ட மனு

காட்டுப்பன்றிகளை விரட்டுவதற்காக அரசாங்கம் எனக்கு ஒரு துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் கொடுத்திருந்தது. பதினோரு வருடம் அதை வைத்திருந்தேன். அந்தப் பதினோரு வருடத்தில் அதனால் காயம்பட்ட ஒரே உயிர் நான்தான்.

எங்கள் நிலம் சிறுமலை அடிவாரத்தில் இருந்தது. திண்டுக்கல்லில் இருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். நான்கு ஏக்கர் மானாவாரி, பெரும்பாலும் கடலை. கடலை காய் பிடிக்கிற சமயத்தில், பொழுது சாய்வதற்குள்ளேயே மலையில் இருந்து பன்றிகள் குடும்பம் குடும்பமாக இறங்கிவிடும். ஒரு கூட்டம் வந்து போனால் மறுநாள் அந்த இடத்தில் உழவு ஓட்டத் தேவையில்லை. அதற்காக என் அப்பா வாங்கியது அந்தப் பயிர்ப் பாதுகாப்பு உரிமம். அவர் காலமானதும், தாலுகா அலுவலகத்துக்கு நடையாய் நடந்து அதை என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன். பட்டாவை மாற்றக்கூட நான் அவ்வளவு நடக்கவில்லை.

அது ஒற்றைக் குழல் துப்பாக்கி. குழலின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, துணியை அடைத்து, கம்பியால் இடித்து, கேப்பு வைத்துச் சுட வேண்டும். நான் ஈய ரவை போடுவதே இல்லை. வெறும் மருந்து, வெறும் சத்தம். பன்றியைக் கொல்வது பாவம், வனத்துறைக்கும் பதில் சொல்ல வேண்டும் என்று ஊரில் சொல்லிக்கொள்வேன். எனக்குக் குறி பார்க்கத் தெரியாது என்பது என் வீட்டுக்காரிக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

சுடத்தான் தெரியாதே தவிர, துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நடக்க நன்றாகத் தெரியும். காட்டுக்குப் போகிற வழி எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. நான் முன்வாசல் வழியாக வந்து, டீக்கடையைச் சுற்றிக்கொண்டு, தோளில் துப்பாக்கியோடு போவேன். தேர்தல் வந்தால் துப்பாக்கியை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். மற்ற உரிமக்காரர்கள் அதைப் புலம்பிக்கொண்டே செய்வார்கள். நான் தேர்தல் எப்போது வரும் என்று காத்திருப்பேன். வீட்டுக்காரியின் பழைய சுங்குடிச் சேலை ஒன்றில் அதைச் சுற்றி பஸ்ஸில் ஏறினால், எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் எழுந்து இடம் கொடுப்பார்கள். எம்.எல்.ஏ.வுக்குக்கூட அந்த பஸ்ஸில் அப்படிக் கிடைத்திருக்காது.

இப்படிப்பட்ட ஆளுக்குத்தான் காது போயிற்று.

வலது தோளில் வைத்துச் சுடுகிறவனுக்கு இடது காதுதான் முதலில் போகும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். குழலின் வாய்க்கு நேராக நிற்பது அந்தக் காதுதானாம். முதலில் சுட்டதும் உள்ளே சில்வண்டு கத்துகிற மாதிரி இருக்கும். வீடு வந்து சோறு தின்பதற்குள் அடங்கிவிடும். பிறகு அது ராத்தங்க ஆரம்பித்தது. பிறகு குடியே வந்துவிட்டது. கடைசியில் சில்வண்டு மட்டும்தான் மிச்சம், வேறு எதுவும் அந்தப் பக்கம் நுழையவில்லை.

வீட்டுக்காரி ஆரம்பத்திலேயே சொன்னாள். "மில்லுல வேல செய்யிறவுக எல்லாம் காதுல பஞ்சு வச்சுக்கிறாகள்ல? நீங்களும் செத்த வச்சுக்கிட்டுச் சுடுங்க. கொறஞ்சா போயிருவீங்க?"

"பொணத்துக்குத்தான் பஞ்சு வைப்பாங்க," என்றேன்.

பெரிய சாஸ்திரம் பேசிய மாதிரி இருந்தது. உண்மை என்னவென்றால், துப்பாக்கிக்காரர் என்று பெயர் எடுத்தவன் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு டீக்கடையைக் கடந்து போனால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். அவ்வளவுதான் காரணம். ஒரு பிடி பஞ்சு போதும் என்கிற இடத்தில், நான் ஒரு காதைக் கொடுத்தேன்.

காது போனதை நான் யாரிடமும் சொல்லவில்லை, அவளிடமும்தான். இடது பக்கம் நின்று யாராவது பேசினால் எதுவும் சொல்லாமல் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முகத்தைக் கொஞ்சம் கடுகடுவென்று வைத்துக்கொண்டால், ஏதோ ஆழ்ந்த யோசனையில் இருக்கிறார் என்று போய்விடுவார்கள். ஊரில் எனக்கு மரியாதை கூடியதே அந்தக் காலத்தில்தான். 'அவரு அளந்துதான் பேசுவாரு' என்று ஒருவர் சொன்னதை வலது காதால் கேட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் என் மாமனார் தாடிக்கொம்பில் காலமானார். கொஞ்ச நாள் படுக்கையில் கிடந்துதான் போனார். ஆனால் என் வீட்டுக்காரி ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. எனக்கு அது ஆச்சரியமாகத்தான் இருந்தது. இழவு வீட்டில் பங்காளிகள் எல்லாம் உட்கார்ந்திருக்க, நான் ஒரு பெரிய மனுஷன் மாதிரி, "முன்னாடியே வந்து ஒரு எட்டுப் பாத்திருக்கலாம்ல?" என்று அவளைக் கேட்டேன். அழுதுகொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். துக்கத்தில் இருக்கிறாள் என்று நானும் விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் திண்டுக்கல்லில் ஒரு தியேட்டரில் இங்கிலீஷ் படம் பார்த்தேன். கதை ஒன்றும் புரியவில்லை. ஆனால் அதில் ஒருவன் துப்பாக்கியின் முனையில் ஒரு குழாயைத் திருகிவிட்டுச் சுட்டான். கோலி சோடா உடைக்கிற அளவுக்குக்கூடச் சத்தம் வரவில்லை. நான் சீட்டை விட்டு எழுந்துவிட்டேன். பின்னால் இருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

இடைவேளைக்குப் பிறகு நான் படம் பார்க்கவில்லை, யோசித்துக்கொண்டிருந்தேன். மோட்டார் சைக்கிளுக்குச் சைலன்சர் உண்டு. எங்கள் கிணற்றில் ஓடுகிற ஆயில் எஞ்சினுக்கு உண்டு. ஊரைக் கெடுக்கிற லாரிக்கு உண்டு. கடலை விளைவிக்கிற குடியானவனின் துப்பாக்கிக்கு மட்டும் ஏன் கிடையாது?

படம் விட்டதும் நேராக எனக்குத் தெரிந்த லேத் பட்டறைக்குப் போனேன். பூட்டுக்கு உதிரி பாகங்கள் கடைந்து கொடுக்கிறவர் அவர். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. ஓடிக்கொண்டிருந்த லேத்தை நிறுத்தினார்.

"அண்ணே, இத நீங்க சொல்லவும் இல்ல, நான் கேக்கவும் இல்ல. பூட்டுக்குச் சாவி வேணும்னா எப்ப வேணாலும் வாங்க."

"காதுக்காகத்தாம்ப்பா கேக்குறேன்."

"எதுக்கா இருந்தா என்னண்ணே. போய் கலெக்டர்கிட்டக் கையெழுத்து வாங்கிட்டு வாங்க, அப்பறம் பாப்போம்."

என்னைக் கடையில் இருந்து கிளப்பத்தான் அவர் அப்படிச் சொன்னார். நான் அதை யோசனை என்று எடுத்துக்கொண்டேன்.

திண்டுக்கல் தனி மாவட்டமாகி அப்போது கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்பு கலெக்டரைப் பார்க்க மதுரை போக வேண்டும். இப்போது கலெக்டரே பக்கத்தில் வந்துவிட்டதால், எனக்கு ஏற்கெனவே இருந்த மனு எழுதும் வியாதி முற்றியிருந்தது. பஸ் நிறுத்தம் கேட்டு ஒன்று, தெருவிளக்கு கேட்டு ஒன்று, ரேஷன் கடைக்காரர் எடை பற்றி ஒன்று. பஸ் நிறுத்தம் வந்துவிட்டது. அது எப்படியும் வந்திருக்கும் என்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை.

சைலன்சர் மனு எட்டுப் பக்கம் வந்தது. எழுதி முடிக்கப் பத்துப் பதினைந்து நாள் பிடித்தது. 'பயிரைக் காக்க எமக்கு ஆயுதம் அளித்த அரசு, அதற்கு ஈடாக எமது செவிகளைக் கேட்பது எவ்வகையில் நியாயம்?' என்று ஒரு வரி. 'ஆலைத் தொழிலாளியின் செவிக்கு உள்ள மதிப்பு உழவனின் செவிக்கு இல்லையா?' என்று இன்னொரு வரி. எழுதிவிட்டு எனக்கே உடம்பு சிலிர்த்தது. செவியைக் காப்பது பிறப்புரிமை, ஆகவே சைலன்சரும் பிறப்புரிமை என்று முடித்திருந்தேன்.

அதை வீட்டுக்காரியிடம் வாசித்துக் காட்டினேன். அவள் விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் பக்கத்தில், 'கடந்த இரண்டு ஆண்டுகளாக எனது இடது செவி முற்றிலும் செயலிழந்த நிலையில்' என்ற இடம் வந்தபோது அவள் கை நின்றது.

"ரெண்டு வருசமாவா?"

"ஆமா. ரெண்டு வருசம் இருக்கும்."

"சுத்தமாக் கேக்காதா?"

"சுத்தமா."

"எங்கிட்ட நீங்க சொல்லவே இல்லயே."

"இதையெல்லாம் சொல்லிக்கிட்டு இருப்பாங்களா? செத்த கேளு, அடுத்த பக்கம்தான் முக்கியம்."

அவள் முறத்தை அப்படியே வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். உள்ளே மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. என் எழுத்து அவளை அழவைத்துவிட்டது என்று நினைத்தேன். கலெக்டரும் அழுவார் என்று நம்பிக்கை வந்தது.

கலெக்டர் அழவில்லை. மனு வாங்கும் நாளில் வரிசையில் நின்று கொடுத்தேன். முதல் பக்கத்தைப் பார்த்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார், மூலையில் பச்சை மையில் ஏதோ கிறுக்கினார். 'கலெக்டரே கைப்பட எழுதியிருக்காரு' என்று டீக்கடையில் ஒரு மாதம் பேசினேன். அவர் எழுதியது தாசில்தாருக்கு அனுப்பு என்பதுதான். ஆக, நான் துப்பாக்கி உரிமம் புதுப்பிக்கப் போகிற அதே தாலுகா அலுவலகத்துக்கே மனு என்னை முந்திக்கொண்டு போய்ச் சேர்ந்தது.

தாசில்தார் கூப்பிட்டனுப்பினார். எட்டுப் பக்கத்தையும் வரி விடாமல் படித்திருந்தார். சில இடங்களில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தார். என் எழுத்தை முழுதாகப் படித்த ஒரே மனிதர் என்பதால் எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது.

"துப்பாக்கியில ரவை போடுறதில்லன்னு மூணாம் பக்கத்துல எழுதியிருக்கீங்க," என்றார்.

"ஆமாங்கய்யா. உசுரக் கொல்லக் கூடாதுன்னு ஒரு கொள்கை."

"அப்ப வெறும் சத்தத்துக்காகத்தான் சுடுறீங்க."

"ஆமாங்கய்யா."

"அந்தச் சத்தம் வரக் கூடாதுன்னுதான் இந்த எட்டுப் பக்கமும்."

சத்தியமாகச் சொல்கிறேன், அத்தனை நாள் உட்கார்ந்து எழுதியும் இது எனக்குத் தோன்றவே இல்லை. பீரோவுக்குப் பின்னால் இருந்த கிளார்க்கு, ஃபைலால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார்.

"எனக்குக் கேக்காம, பன்னிக்கு மட்டும் கேக்குற மாதிரி ஏதாச்சும்..." என்று இழுத்தேன்.

"அப்பிடி ஒண்ணு வந்தா எனக்கும் சொல்லுங்க, வீட்டுக்கு வேணும்," என்றார் தாசில்தார். அதோடு விட்டிருந்தால் நானும் சிரித்துவிட்டு வந்திருப்பேன். அவர் ஐந்தாம் பக்கத்தைப் புரட்டினார். அங்கே சிவப்புக் கோடு இரண்டு தரம் போட்டிருந்தது.

"இடது காது முழுசாக் கேக்காதுன்னு நீங்களே எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கீங்க. காட்டுக்குள்ள ஆள் நடந்து வர்றது கேக்காதவரு கையில துப்பாக்கியக் குடுத்துட்டு, நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா நான் யாருக்குப் பதில் சொல்றது? அடுத்த மாசம் உங்களுக்குப் புதுப்பிக்கணும். பெரியாஸ்பத்திரியில காது நல்லாக் கேக்குதுன்னு சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வாங்க. இல்லாட்டி துப்பாக்கிய ஸ்டேஷன்ல குடுத்துருங்க."

"ஐயா, இது எங்கப்பா காலத்துல இருந்து எங்க உரிமை."

"உரிமை இல்லங்க, உரிமம். நாங்க குடுத்தா உண்டு."

வெளியே வந்து வேப்பமரத்தடியில் வெகு நேரம் நின்றேன். இதுவரை தன் கழுத்துக்குத் தானே கயிறு திரித்து, அதை எட்டுப் பக்கம் நீட்டி, கலெக்டர் கையெழுத்தும் வாங்கி வந்து கொடுத்தவன் அந்த அலுவலகத்தில் என்னைத் தவிர ஒருவனும் இருந்திருக்க மாட்டான். துப்பாக்கி போய்விட்டால் நான் யார்? நாலு ஏக்கர் கடலைக்காரன். அப்படி ஆட்கள் ஊரில் நூறு பேர். டீக்கடையில் என்ன சொல்வேன்? பஸ்ஸில் யார் எழுந்து இடம் கொடுப்பார்கள்? எனக்கு அழுகையே வந்துவிட்டது. காது போனதற்கு நான் அப்படிக் கலங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வீட்டுக்கு வருவதற்குள் ஒரு திட்டம் போட்டுவிட்டேன். காது பார்க்கிற டாக்டர் எப்படிச் சோதிப்பார் என்று ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த ஒருவரிடம் விசாரித்தேன். கவட்டை மாதிரி ஒரு இரும்பைத் தட்டிக் காதுக்குப் பின்னால் காட்டுவார்களாம். கேட்கும்போது கையைத் தூக்க வேண்டுமாம். நல்ல காதை விரலால் அடைத்துக்கொள்ளச் சொல்வார்களாம். அவ்வளவுதான். வீட்டுக்காரி எனக்கு எதிரே உட்கார வேண்டும். இரும்பு பக்கத்தில் வரும்போது அவள் மூக்குத்தியைத் தொட வேண்டும். நான் கையைத் தூக்கிவிடுவேன்.

மூன்று நாள் வீட்டில் பயிற்சி எடுத்தோம். டாக்டருக்குப் பதிலாக என் தம்பி பெஞ்சாதி எனக்குப் பின்னால் நின்று கரண்டியால் டம்ளரைத் தட்டினாள். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. என் வீட்டுக்காரி மட்டும் சிரிக்கவில்லை. ஒரு தடவைகூடத் தப்பு விடவில்லை.

"அம்புட்டுத்தான?" என்றாள்.

"அம்புட்டுத்தான். பதட்டப்படாம செய்யி. நம்ம மானமே ஒங் கையிலதான் இருக்கு," என்றேன்.

பெரியாஸ்பத்திரியில் இருந்தது ஒரு டாக்டரம்மா. வலது காதில் சோதனை நன்றாகவே நடந்தது. சூட்சுமம் தெரியாமல் இருக்கட்டும் என்று அதற்கும் கொஞ்சம் யோசித்து யோசித்துக் கையைத் தூக்கினேன். பிறகு வலது காதை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். உலகமே கம்பளியைப் போர்த்திக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. சில்வண்டு மட்டும் கத்திக்கொண்டிருந்தது. நான் வீட்டுக்காரியைப் பார்த்தேன்.

அவள் கை மடியில் இருந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னும் தட்டவில்லை போலிருக்கிறது என்று காத்திருந்தேன். டாக்டரம்மாவின் நிழல் பக்கத்துச் சுவரில் அசைந்தது. அவள் கை அசையவில்லை. நான் புருவத்தைத் தூக்கினேன். கண்ணை உருட்டினேன். என் மூக்கை நானே சுருக்கிக்கூடக் காட்டினேன். மடியில் இருந்த கை மடியிலேயே இருந்தது. மறந்துவிட்டாள் என்று நினைக்க முடியவில்லை. மறந்தவள் இப்படி நேருக்கு நேர் பார்க்க மாட்டாள்.

டாக்டரம்மா முன்னால் வந்து என் விரலை எடுத்துவிட்டார். "மூணு தடவ தட்டிட்டேன். ஒண்ணுமே கேக்கலையா?"

நான் பதில் சொல்வதற்குள் அவள் சொல்லிவிட்டாள். "அந்தப் பக்கம் சுத்தமாக் கேக்காதுங்க டாக்டரம்மா. ரெண்டு வருசமா. அவரே எழுதிக் குடுத்திருக்காரு."

நரம்பு போய்விட்டது, திரும்ப வராது என்றார் டாக்டரம்மா. வலது காதிலும் கொஞ்சம் குறைந்திருக்கிறது, இனி ஒரு வெடிகூட வேண்டாம் என்று சொல்லி, எழுதியும் கொடுத்துவிட்டார்.

துப்பாக்கியை அடுத்த வாரம் அதே சுங்குடிச் சேலையில் சுற்றிக்கொண்டு போய் ஸ்டேஷனில் கொடுத்தேன். போகும்போது இடம் கிடைத்தது. வரும்போது நின்றுகொண்டுதான் வந்தேன். அந்த வருடம் முதல் நாங்கள் இரண்டு பேரும் தகர டின்னைத் தட்டிப் பன்றி விரட்டினோம். பன்றிகளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அதெல்லாம் பிற்பாடு நடந்தது. சொல்ல வேண்டியது, ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பிய அந்த பஸ்ஸைப் பற்றி.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான் அவளோடு பேசவில்லை. பஸ்ஸில் ஏறியதும் வேண்டுமென்றே டிரைவர் இருக்கிற வலது பக்க வரிசையில் ஜன்னலோரமாகப் போய் உட்கார்ந்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் என் இடது பக்கம் வருவாள். என்ன சொன்னாலும் கேட்காது. செவிட்டுக் காதால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அது.

அவள் உட்காரவில்லை. "எந்திரிங்க," என்று கையால் காட்டினாள். நான் முறைத்தேன். பின்னால் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். எழுந்தேன். அவள் ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டு, என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். இப்போது அவள் என் வலது பக்கம்.

"காட்டிக் குடுத்துட்டியே," என்றேன்.

அவள் பஸ் புறப்படட்டும் என்று இருந்துவிட்டு ஆரம்பித்தாள்.

"எங்கப்பா படுக்கையில கெடந்தப்ப ஒங்ககிட்ட ஒண்ணு கேட்டேன். நீங்க வாசல்ல உக்காந்து துப்பாக்கியத் தொடச்சுக்கிட்டு இருந்தீங்க. அப்பாவப் போய்ப் பாத்துட்டு வரட்டுமாங்கன்னு கேட்டேன். நீங்க திரும்பியே பாக்கல. இன்னொரு தடவ கேட்டேன். மூஞ்சியக் கடுகடுன்னு வச்சுக்கிட்டுத் தொடச்சுக்கிட்டே இருந்தீங்க. மூணாவது தடவ கேக்க எனக்கு மனசு வரல."

நான் அவளைப் பார்த்தேன். அவள் முன் சீட்டின் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போக வேணாம்னு சொல்லாமச் சொல்றீங்கன்னு நெனச்சேன். அப்பறம் எழவு வீட்டுல அம்புட்டுப் பேருக்கு முன்னாடி, முன்னாடியே வந்து பாத்திருக்கலாம்லன்னு கேட்டீங்க. இப்பிடியும் ஒரு மனுசன் இருப்பானான்னு இருந்துச்சு. ஒண்ணரை வருசம் அத மனசுல வச்சுக்கிட்டுத்தான் ஒங்களுக்குச் சோறு போட்டேன். அன்னைக்கி மனுவ வாசிச்சீங்க பாருங்க, அப்பத்தான் தெரிஞ்சுச்சு."

எட்டுப் பக்கம் எழுதியவனுக்கு ஒரு வரி கிடைக்கவில்லை. அந்தத் துப்பாக்கி என்னிடம் இருந்து எடுத்துக்கொண்டது ஒரு காதைத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது அவள் அப்பாவின் கடைசி நாட்களை அவளிடம் இருந்து எடுத்துக்கொண்டிருக்கிறது. அதுகூடத் துப்பாக்கி செய்ததில்லை. காது கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்ல வெட்கப்பட்ட நான் செய்தது.

"எனக்குக் கேக்கல," என்றேன்.

"தெரியும். அதான் அங்க மூக்குத்தியத் தொடல. இந்தக் காதும் போயிட்டா நான் யார்கிட்டப் பேசுறது?"

கண்டக்டர் வந்து டிக்கெட் கொடுத்துவிட்டுப் போனார். வெளியே மலை தெரிய ஆரம்பித்தது. நான் சொன்னேன்:

"அன்னைக்கிக் கேட்டத இப்பக் கேளு."

"இப்பக் கேட்டு என்ன செய்ய?"

"கேளு புள்ள."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கேட்க மாட்டாள் என்றுதான் நினைத்தேன். பிறகு என் பக்கம் திரும்பினாள். பஸ் இரைச்சலில் அவள் சத்தமாகக்கூடப் பேசவில்லை.

"எங்கப்பாவப் போய்ப் பாத்துட்டு வரட்டுமாங்க?"

"போயிட்டு வா," என்றேன். "நானும் வாரேன்."